வால் முளைத்த வட்டம்

மார்ச் 4

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். எந்த அக்கா என்று கேட்காதே. உனக்கு இருப்பது ஒருத்திதான், அவளையும் இரண்டு வருஷமாகத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறாய். போன் நம்பரை மாற்றிவிட்டாய். கடிதத்தை மாற்ற முடியாதே! கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று முழிப்பாய். நீ வேலை பார்த்த, வீடு இடிக்கிற மேஸ்திரியை வழியில் மடக்கினேன். "குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்மா" என்று இழுத்தார். "அப்ப தினமும் உங்க வீட்டு வாசல்ல வந்து பாடுவேன்" என்றேன். என் குரலை அவருக்குத் தெரியும். சட்டைப் பையில் இருந்த சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் நாலாவதோடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள், திருத்தாதே.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. டிப்போவில் பஸ் கழுவுகிறேன். தண்ணீர் அடிப்பது பாதி வேலை, பஸ்ஸின் வயிற்றில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைத் தகடு வைத்துச் சுரண்டுவது மீதி வேலை. மூட்டுவலித் தைலம், வாடகைக்கு வீடு, காணவில்லை, மணமகள் தேவை, என் தகட்டுக்கு எல்லாம் ஒன்றுதான்.

என் வீட்டை நீ இப்போது பார்க்க வேண்டும். "குப்பைத் தொட்டிக்கு வாடகை குடுக்கிற ஒரே ஆள் நீதான்" என்பாயே, இன்னும் நன்றாகச் சொல்லுவாய். கைப்பிடி போன குவளைகளைக் கம்பியில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். மூன்று கால் நாற்காலிக்கு நாலாவது காலாகப் பழைய கியர் கம்பி. உடைந்த பஸ் கண்ணாடி ஒன்று சமையல் மேடைக்கு மேலே. அதில் பார்த்தால் எனக்கு இரண்டு மூக்கு தெரியும், ஒன்று நன்றாகவே இருக்கிறது. புதுச் சாமான் என்றால் என்னைப் பார்த்து 'கையைக் கழுவிட்டு வா' என்கிற மாதிரி இருக்கும். அடிபட்ட சாமான் 'வாடி, உக்காரு' என்று சொல்லும்.

நீ கடைசியாக இந்த வீட்டுக்கு வந்தபோது தூக்கிக்கொண்டு வந்தாயே, கண்ணாடி வைத்த பீரோ, அது அதே இடத்தில் நிற்கிறது. அதற்கு எதிர்ச் சுவரில்தான் இப்போது ராணி மாதிரி ஒன்று வந்திருக்கிறது. ஒரு கதவு!

கல் குவாரிப் பள்ளத்தில் இடித்த மண்ணைக் கொட்டுகிறார்கள் இல்லையா, அங்கே கிடைத்தது. நிலையோடு, கதவோடு, முழுசாக, முகம் குப்புறக் கிடந்தது, திருப்பிப் போட்டேன். மேலே பச்சை, உரிந்த இடத்தில் நீலம், அதற்கும் அடியில் ஒரு மஞ்சள். வெளித்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி துருப்பிடித்து இறுகிவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுவில் சுண்ணாம்பில் ஒரு வட்டம், வட்டத்துக்கு ஒரு வால். டேய், உன் குறி!

எனக்குத் தெரியாதா? ஸ்லேட்டில் சுழியம் போட்டாலே உனக்கு எலிக்குட்டி மாதிரி வால் முளைக்கும். இடிக்கும் முன்னால் அறை அறையாகப் போய், கூப்பிட்டு, பார்த்து, ஆள் இல்லை என்றால் குறி போட்டு, தாழும் போட்டுவிட்டு வருவதுதானே உன் வேலை. தாழ் போடாவிட்டால் உன் அக்கா மாதிரி குப்பை பொறுக்குகிறவர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள் என்பாய். பார், உன் அக்கா கடைசியில் கதவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆளுக்குப் பதிலாக உன் கையெழுத்தாவது வீட்டில் இருக்கிறது. ஏன் போனாய் என்று கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதுவதே கேட்பதுதான், புரிந்துகொள்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. நன்றாக இருக்கிறேன். இங்கே துணிப் பொதி ஏற்றும் கிடங்கில் வேலை. சாப்பாடு பரவாயில்லை.

ஒரு விஷயம். அந்தக் கதவு வேண்டாம். குவாரியில் கிடந்த மரத்தில் கரையான் இருக்கும், பீரோவுக்கும் தொற்றும். எங்கே எடுத்தாயோ அங்கேயே போட்டுவிடு. முடியாவிட்டால் எரித்துவிடு. தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்காதே, கையைக் கிழித்துவிடும்.

கோபித்துக்கொள்ளாதே. உன் மற்ற சாமான்களை ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி

மார்ச் 27

துரை அவர்களுக்கு,

இரண்டு வருஷம் கழித்துப் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆறு வரி கரையானுக்கு. அக்கா எப்படி இருக்கிறாய் என்று கேட்க மை தீர்ந்துவிட்டதா?

மரத்தை ஊசியால் குத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. கரையான் வாயை வைத்தால் பல் செட்டு வாங்க வேண்டியிருக்கும். எரிக்க மாட்டேன்.

வேடிக்கை ஒன்று கேள். எனக்கு வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் விடுப்பு. போன வெள்ளிக்கிழமை காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், யாரோ கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. கீழ்வீட்டுத் தையல்காரம்மா என்று நினைத்து, "திறந்துதான் இருக்கு, வாங்க" என்றேன். வரவில்லை. மறுபடி தட்டல். "அட வாங்கன்னு சொல்றேன்ல!" வாசலில் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. திரும்பினேன், தட்டல் எனக்கு முன்னால் இருந்து வருகிறது. சுவரில் சாய்த்து வைத்திருக்கிற கதவில் இருந்து.

பின்னால் சுவர்தானே, சுவருக்குப் பின்னால் ஆகாயம். எலி என்று நினைத்தேன். எலி மூன்று மூன்றாக எண்ணித் தட்டுமா? செவ்வாயும் அதே மாதிரி. மணி பார்த்தேன், இரண்டு நாளும் பதினொன்று.

கியர் கம்பி நாற்காலி ஆடவில்லை, ஜன்னல் குவளைகள் ஆடவில்லை. நீ தூக்கி வந்த பீரோவின் கண்ணாடி மட்டும் நடுங்குகிறது.

தையல்காரம்மா மேலே ஏறி வந்து, "காலைல ஆணி அடிக்கிறியா, எனக்குத் தையல் கோணுது" என்றாள். அப்படியென்றால் அவளுக்கும் கேட்கிறது, எனக்குப் பைத்தியம் இல்லை. "என் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்காருக்கா, பாவம், செவிடு போல, வா வான்னா வர மாட்டேங்குறாரு" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் மூன்று கால் நாற்காலியில் முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

இனிமேல் அந்தச் சொல்லைச் சொல்லாதே. செவிடு என்று. விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

தட்டல் எங்கே இருந்து வருகிறது? கதவின் மேல் பக்கமா, கீழ்ப் பக்கமா? அதை மட்டும் எழுது. நீ பதிலுக்குத் தட்டினாயா? தட்டாதே. உன் காலில் விழுகிறேன், எரித்துவிடு. ஒற்றை ஆளாகச் செய்யாதே, பகலில் செய்.

இங்கே என் அறைக்குக் கதவு கிடையாது. வந்த முதல் வாரமே கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டேன். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தம்பி

ஏப்ரல் 18

தம்பி,

மேலா கீழா என்று கேட்டிருந்தாய். ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகுதான் கவனித்தேன். முதல் நாள் என் நெஞ்சு உயரத்தில் கேட்டது. அடுத்தடுத்த நாளில் இடுப்பு உயரம். போன வெள்ளி, முழங்காலுக்கும் கீழே. நின்றுகொண்டு தட்டியவர் மெல்ல மெல்ல உட்கார்ந்துவிட்ட மாதிரி.

காலையில் கூட்டும்போது கதவுக்கு அடியில் வெள்ளையாகப் பொடி கிடக்கிறது. சுண்ணாம்புப் பொடி. என் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து எட்டு வருஷம் ஆகிறது, அது நீல நிறம். பொடியை முறத்தில் அள்ளுகிறேன், மறுநாள் மறுபடி இருக்கிறது.

பயமா என்று கேட்டால், பயம்தான். கைப்பிடி இல்லாத குவளையையும் கால் இல்லாத நாற்காலியையும் ஏன் என்று கேட்காமல் வீட்டில் சேர்த்தவள் நான். இதை மட்டும் வெளியே போ என்று எப்படிச் சொல்வது?

நீ கரையான் கரையான் என்றாயே என்று மண்ணெண்ணெய்த் துணியால் கதவைத் துடைத்தேன். உன் வட்டத்தைத் தொடாமல்தான் துடைத்தேன், ஆனாலும் வாலில் பட்டுவிட்டது. சுண்ணாம்பு கரைந்த இடத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. பெயிண்ட் எழுத்து. மனசைக் கல்லாக்கிக்கொண்டு வட்டம் முழுவதையும் துடைத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். இப்படி இருந்தது:

'எனக்குக் காது கேட்காது. தட்ட வேண்டாம். திறந்து உள்ளே வரவும்.'

நான் விளையாட்டுக்குச் சொன்னது, அங்கே எழுதியே இருந்திருக்கிறது. உன் வட்டத்துக்கு அடியில்.

அடேய், நீ இதன் மேலேயா குறி போட்டாய்? படிக்கவில்லையா? இந்தக் கதவுக்கு உள்ளே யார் இருந்தது? நான் கிண்டல் பண்ணவில்லை. பதில் எழுது.

அக்கா

ஏப்ரல் 30

அக்கா,

எழுதுகிறேன். இதுவரை எட்டுத் தாளைக் கிழித்துவிட்டேன்.

அது மாடி வைத்த பழைய வீடு. எல்லாரும் காலி செய்துவிட்டார்கள், சாவி நம் கையில் என்று வீட்டுக்காரர் சொன்னார். கீழே நாலு அறை, நாலையும் உள்ளே போய்ப் பார்த்தேன். குறி போட்டேன். மாடியில் ஒரே அறை. படிக்கட்டு முடியும் இடத்தில் ஜன்னல் கிடையாது, இருட்டு. கதவு சாத்தியிருந்தது. "யாராவது இருக்கீங்களா?" என்று வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே போகவில்லை. இருட்டில் சுண்ணாம்பைத் தேய்த்தேன், தாழைப் போட்டேன், இறங்கினேன். எழுத்து இருந்தது சத்தியமாகத் தெரியாது.

அவசரம். உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்குத்தான் உன் பீரோ.

நான் படிக்குக் கீழே வந்தபோது முன்பக்கச் சுவரில் மிஷின் இடிக்க ஆரம்பித்துவிட்டது. மணி பதினொன்று இருக்கும், டிரைவர் எதற்கோ ஒரு நிமிஷம் நிறுத்தினான். அந்த அமைதியில் கேட்டது. மேலே இருந்து, மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. அப்புறம் கதவின் அடியில் இருந்து, உட்கார்ந்து தட்டுகிற மாதிரி.

பன்னிரண்டு படி அக்கா. ஏறியிருக்கலாம். ஒரு காலை முதல் படியில் வைத்தும் விட்டேன். அப்போது பையில் போன் அடித்தது. நீதான். "எங்கடா இருக்கே? பீரோ தெருவுல நிக்குது, தூறல் விழுது, கண்ணாடி போயிடும்டா!" என்றாய். மேஸ்திரி வெளியே இருந்து, "வெளிய வாடா, சாகப் போறியா!" என்று கத்தினார். நான் திரும்பினேன். மிஷின் மறுபடி இடித்தது. மாடி உட்கார்ந்தது.

நான் மேஸ்திரியிடம் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன், "எல்லாத்துலயும் குறி போட்டாச்சுல்ல?" என்று கேட்டார். "போட்டாச்சு" என்றேன். சாயங்காலமே லாரி எல்லாவற்றையும் அள்ளிப் போய்விட்டது.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்கு வந்தேன். பீரோவை இரண்டு மாடி தூக்கினேன். "என்னடா மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு, மாப்பிள்ளை மாதிரி பவுடர் போட்டிருக்கே" என்று நீ சிரித்தாய். அந்தக் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தேன். அன்று பஸ் ஏறினவன்தான்.

உன் மேல் தப்பு இல்லை. அதைச் சொல்லக் கூடாது என்றுதான் இரண்டு வருஷம் எழுதவில்லை.

தம்பி

மே 20

தம்பி,

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் எதிரே பீரோ தெரிகிறது.

அந்தப் போனைச் செய்தவள் நான். தூறலில் நின்ற கண்ணாடிக்காக. அந்தக் கண்ணாடியில் ஏற்கெனவே விரிசல் இருந்தது, விரிசலுக்காகத்தான் அதை எடுத்தேன். இன்னொரு விரிசல் விழுந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். உன் கடிதம் வந்த மறுநாள் டிப்போவில் பஸ்ஸைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். 'காணவில்லை' என்று ஒரு நோட்டீஸ். தகடு பாதி முகத்தைச் சுரண்டிவிட்டது, அப்புறம்தான் கீழே படித்தேன். 'வயது அறுபத்தெட்டு. கடிகாரம் பழுது பார்ப்பவர். காது கேட்காது.' பக்கத்து பஸ்ஸிலும் அதே முகம். பழைய பசையைப் பார்த்தால் மாதா மாதம் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு வருஷமாக அந்த முகத்தை இருபது தரமாவது சுரண்டி வாளியில் போட்டிருப்பேன், ஒரு தரம்கூட படிக்கவில்லை. நீ படிக்காமல் மேலே குறி போட்டாய், நான் படிக்காமல் சுரண்டினேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

நோட்டீஸில் மகளின் விலாசம் இருந்தது. போனேன். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள், முப்பது வயது இருக்கும். அப்பா படத்தை அவளே பிரதி எடுத்து அவளே ஒட்டுகிறாள். என் அடையாள அட்டையைக் கொடுத்து ஒரு பிரதி கேட்டேன். மேசையில் இருந்த நோட்டீஸ் கட்டைப் பார்த்து, "உங்க அப்பாவா?" என்றேன்.

"ஆமாங்க. காலி பண்ணின வீட்டு மாடியில கடைசியா ஒரு சாமான் பெட்டி இருக்கு, எடுத்துட்டு உன் வீட்டுக்கே வந்துடறேன்னு போனாரு."

"அந்த வீட்ல கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பேனா? மறுநாளே ஓடினேன். ஒவ்வொரு கதவுலயும் குறி போட்டு, பாத்துட்டுத்தான் இடிச்சோம், உள்ள யாருமே இல்லைன்னு மேஸ்திரி சொன்னாரு. அதனாலதான் நம்பிக்கையா இருக்கேன். எங்கயோ வழி தெரியாம இருக்காரு." அப்புறம், நான் கேட்காமலே சொன்னாள்: "எங்க வீட்ல தாழ்ப்பாளே போடறதில்லைங்க. அவரு வந்து தட்டினா, இருங்க வரேன்னு நாம சொல்றது கேக்காது பாருங்க. திரும்பிப் போயிடுவாரு."

உன் வட்டத்தை நம்பிக்கொண்டு ஒருத்தி இரண்டு வருஷமாகத் தாழ் போடாமல் தூங்குகிறாள்.

அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நீ. பீரோவைத் தூக்க உன்னைக் கூப்பிட்ட மாதிரி இதற்கும் கூப்பிடுகிறேன், வா.

நான் கதவை எரிக்கவில்லை. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு விட்டு, துருவைச் சுரண்டி, இப்போது ஒரு விரலால் நகர்கிறது. ஆனால் நான் திறக்க மாட்டேன். டிப்போவில் கேட்டு வேலை நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன், தினமும் பதினொரு மணிக்கு அதன் முன்னால் தரையில் உட்காருகிறேன். இப்போது தட்டல் தரையை ஒட்டித்தான் வருகிறது, அதுவும் லேசாக. நான் உள்ளங்கையை மரத்தில் வைத்து மூன்று தரம் தட்டுகிறேன். காது கேட்காதவருக்கு அதிர்வு தெரியும் அல்லவா. நான் தட்டியதும் அந்தப் பக்கம் நின்றுவிடுகிறது. ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு தட்டு பதில் வரும். வெளியே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட மாதிரி.

நேற்று அந்த ஒரு தட்டு வர மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. சீக்கிரம் வா.

அக்கா

மே 29

அக்கா,

கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புகிறேன். ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ரயில் சேரும், பதினொன்றுக்கு முன்னால் உன் வீட்டில் இருப்பேன். முதலில் கதவு. அப்புறம் அந்தப் பெண். அப்புறம் போலீஸ். இந்த வரிசையில்தான் என்னால் முடியும்.

நீ கூட இருப்பாயா?

தம்பி

ஜூன் 6, வெள்ளி

ஒட்டடைக்குச்சி,

இதைத் தையல்காரம்மாவிடம் சாவியோடு கொடுத்துவிட்டுப் போகிறேன். மேலே நான் இருக்க மாட்டேன். பயந்து ஓடிவிட்டாள் என்று நினைக்காதே. ஜெராக்ஸ் கடைக்குப் போகிறேன், அந்தப் பெண்ணைக் கூட்டி வர. அவளுக்குச் சொல்ல என் தம்பியிடம் ஒரு விஷயம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுவேன். நாங்கள் படியேறி வரும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். நீ வரிசை போட்டபடியே நடக்கட்டும், முதலில் கதவு, அடுத்து அவள். போலீஸுக்கு நாம் மூன்று பேரும் போவோம்.

சோறு வடித்து மூடி வைத்திருக்கிறேன். மெலிந்துதான் வருவாய், இன்னும் மெலிய உன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

பீரோவின் கண்ணாடி மேல் போர்வை போட்டிருக்கிறேன். எடுக்காதே. நீ உன் மூஞ்சியைப் பார்க்க வேண்டிய இடம் அது இல்லை.

நேற்று நான் மூன்று தரம் தட்டினேன். பதில் வரவில்லை. ஆனால் இன்று காலை கூட்டப் போனபோது கதவுக்கு அடியில் பொடி இல்லை. துடைத்த மாதிரி சுத்தம். உள்ளே யாரோ எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. பின்னால் சுவர்தான் என்று எனக்கும் தெரியும். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன், நாலு விரல் இடம்கூட இல்லை. ஆனால் அந்த இடுக்கில் இருந்து, வெகுநாள் பூட்டிக்கிடந்த பெரிய அறையின் காற்று வருகிறது.

தாழ்ப்பாள் ஒரு விரலுக்கு நகரும். இந்தத் தரம் அதில் எழுதியிருப்பதைப் படி. வாசலில் நின்று கூப்பிடாதே, கேட்காது. தட்டாதே.

திற. உள்ளே போ.

அக்கா